நாகப்பன் வண்டிக்கு எந்த ஆயில்

எங்கள் கம்பெனியில் யோசனை சொல்லாமல் யாரும் தப்ப முடியாது. ஆளுக்கு மாதம் ஒன்று. இருபத்தைந்தாம் தேதிக்குள் மஞ்சள் படிவத்தில் எழுதி, கேன்டீன் வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். போடாதவன் பெயர் மறுநாள் காலை லைன் பலகையில் சிவப்பு மார்க்கரில் ஏறும். மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால் 'முன்னேற்றத்தில் ஆர்வம் இல்லாதவர்' என்று ஒரு வகுப்புக்கு அனுப்புவார்கள். நான் ஒரு தடவை போயிருக்கிறேன். நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்து, எனக்கு ஏன் ஆர்வம் இல்லை என்பதற்கு ஆறு காரணங்கள் எழுதினேன். ஆறாவது மட்டும்தான் உண்மை. அதை அடித்துவிட்டார்கள்.

ஒரகடத்தில் இருக்கும் எங்கள் கம்பெனி மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் ஃபில்டர் செய்கிறது. ஷிஃப்டுக்கு நாலாயிரம். நானும் நாகப்பனும் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒரு ஃபில்டரில் இன்னும் என்ன பெரிய முன்னேற்றம் பாக்கி இருக்கப் போகிறது? பதினோரு வருடமாக இருநூறு பேர் மாதா மாதம் சொல்லிச் சொல்லி எல்லா யோசனையும் தீர்ந்துவிட்டது. குப்பைத் தொட்டியை இடது பக்கம் வைக்கலாம் என்று ஒருவன் எழுதுவான். அடுத்த மாதம் வலது பக்கம் வைக்கலாம் என்று இன்னொருவன் எழுதுவான். இரண்டு பேருக்கும் சான்றிதழ் உண்டு. அந்தத் தொட்டி ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

அந்த ஜூன் மாதம் நாகப்பனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் எங்கள் சூப்பர்வைசர் லோகேஷ் வந்து மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"அண்ணே, லைன்ல எல்லாரும் குட்த்தாச்சி. நீ ஒர்த்தன்தான் பென்டிங். இன்னிக்கே குடு. மேல எனக்குப் பதில் சொல்ல முடில."

"இன்னா எழுதறதுன்னே தெரிலப்பா."

"எதனா எழுதுண்ணே. எழுதுனா போதும்."

நாகப்பன் அப்போது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தான். அவன் வண்டி மறைமலை நகரில் ஒருவரிடம் வாங்கின பழைய வண்டி. கூட வர வேண்டிய கையேடு வரவில்லை. ஆயில் மாற்றும் நாள் வந்து தாண்டியும் போயிருந்தது. குன்றத்தூர் கடைக்காரர் கெட்டியான ஆயில்தான் பழைய வண்டிக்கு நல்லது என்கிறார். விற்றவர் போனில் தண்ணியான ஆயில் ஊற்று என்கிறார். எங்கள் கேன்டீனில் கேட்டால் ஒருவன் சிந்தெடிக் என்கிறான், இன்னொருவன் அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்கிறான். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால்கூட இத்தனை பேர் வைத்தியம் சொல்ல மாட்டார்கள். நாகப்பனுக்குத் தலை சுற்றிவிட்டது.

"அதையே எழுதிப் போட்டுடு. எவன் படிக்கப் போறான்?" என்றேன்.

நான்தான் சொன்னேன். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நாகப்பன் படிவத்தில் இப்படி எழுதினான்: 'என் வண்டிக்கு எந்த என்ஜின் ஆயில் ஊற்றுவது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.'

அந்த வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் ஊர் குன்றத்தூருக்கு மேற்கே உள்ளடங்கின இடம். மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர், நடுவில் பஸ் கிடையாது. நாகப்பன் மனைவி ஜோதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தாள். அவளுக்கான கம்பெனி பஸ் காலை ஐந்து நாற்பதுக்கு மெயின் ரோட்டில் வரும், அரை நிமிடம் நிற்கும், போய்விடும். மாதத்தில் மூன்று தடவை விட்டால் கான்ட்ராக்டர் பெயரை எடுத்துவிடுவார். நாகப்பன் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, ஏழு மணிக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரகடம் வருவான்.

போன் பெட்டி மேல் ஒட்டும் லேபிளில் இருக்கும் பொடி எழுத்துகளைப் பார்த்துப் பிழை பிடிப்பதுதான் ஜோதியின் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் வீட்டிலேயே இருந்தவள். வேலைக்குப் போன முதல் வாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றாமல் தண்ணீர் பிடிக்க வந்தாள். தெருவே பார்த்தது. அவளுக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. வண்டி ஓடினால்தான் ஜோதிக்கு வேலை.

மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில், பாதுகாப்பு உறுதிமொழி முடிந்ததும், மைக்கில் நாகப்பனைக் கூப்பிட்டார்கள். தொடர் முன்னேற்றத் துறையின் பொது மேலாளர் வசந்தகுமார் சார் மேடையில் இருந்தார். நல்ல மனிதர். யாரையும் திட்ட மாட்டார், யார் சொல்வதையும் கேட்க மாட்டார்.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார். "ஆயில் ஃபில்டர் பண்ற கம்பெனியில, ஆயிலைப் பத்தி ஒரு தொழிலாளி கேள்வி கேட்டிருக்கார். இருபது வருஷமா நான் இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒரே வரியில பதில் சொல்லிடலாம். எங்க ஆர் அண்ட் டி-யில எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லிடுவான். ஆனா பதிலைச் சொல்லிட்டா அப்புறம் நாம என்ன கத்துக்கப் போறோம்? பதில் யாரு வேணா சொல்லலாம், நண்பர்களே. ப்ராசஸ்தான் முக்கியம்."

எல்லோரும் கை தட்டினோம். தட்டாவிட்டால் அதற்கும் ஒரு வகுப்பு இருக்கிறது.

நாகப்பனுக்கு ஒரு நீலத் தொப்பி போட்டார்கள். அதில் 'பிரச்சினை உரிமையாளர்' என்று அச்சடித்திருந்தது. பிரச்சினை முடியும்வரை வேலை நேரத்தில் அதைக் கழற்றக் கூடாது. பிரச்சினையின் எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.

அன்று மத்தியானமே பிரச்சினையைத் தீர்க்கும் குழு வண்டியைப் பார்க்க வந்தது. பதினான்கு பேர். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பார்க்கிங்கில் வண்டியைச் சுற்றி நின்றார்கள். வண்டி ஒன்றும் செய்யவில்லை. தரக் கட்டுப்பாட்டிலிருந்து வந்த ஷாரோன் என்ற பெண் மட்டும் குனிந்து வேலை பார்த்தது. சின்ன வயது, மரியாதையான பெண். எங்கள் ஃபேக்டரியில் ஒரு போல்டை முடுக்கினால், முடுக்கியதற்கு அடையாளமாக அதன் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்போம். போல்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஷாரோன் வண்டியின் அடியில் ஆயில் வடிக்கும் போல்டில் அந்தக் கோட்டை இழுத்தது. பிறகு மேலே ஆயில் ஊற்றும் மூடியில், சேறும் கரியும் அப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, அப்படியே அதன் மேல் வட்டமான ஒரு சீல் ஸ்டிக்கரை ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதியது.

"எதுக்கும்மா இது?" என்றான் நாகப்பன்.

"இது பிஃபோர் கண்டிஷன் அண்ணா. கடைசியில பிஃபோர், ஆஃப்டர்னு ரெண்டு போட்டோ காட்டணும்ல? ஆஃப்டர் வர்ற வரைக்கும் பிஃபோர் மாறக் கூடாது."

"ஆயில் மாத்துற டைம் தாண்டிப் பூட்ச்சிம்மா."

"அதனாலதான் அண்ணா சீல். நீங்க மாத்திட்டீங்கன்னா பிரச்சினை போயிடும்ல."

சீல் கிழிந்தாலோ கோடு உடைந்தாலோ டேட்டாவைத் திருத்திய குற்றம். அதற்கு மெமோ. நாகப்பன் ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கினவன், கேன்டீனுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போனதற்காக. இரண்டாவது வாங்கினால் கேட்டுக்கு வெளியேதான்.

மறுநாளிலிருந்து கேட்டில் வாட்ச்மேன் கோதண்டம் வேலையைத் தொடங்கிவிட்டார். லாரிக்கு அடியில் பார்க்கும் நீளக் கண்ணாடியை வண்டிக்கு அடியில் நீட்டிக் கோட்டைப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியை உயர்த்திச் சீலைப் பார்ப்பார். 'கோடு சரி. சீல் சரி' என்று நோட்டில் எழுதுவார். நாங்கள் உள்ளே போவோம்.

"ஆயிலு கீதா இல்லியான்னு பாத்து எழுதக் கூடாதாண்ணே?" என்று ஒருநாள் நாகப்பன் கேட்டான்.

"அதுக்குக் கட்டம் இல்லப்பா நோட்ல," என்றார் கோதண்டம்.

பார்க்கவும் முடியாது. அந்த மாதிரி வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி மூடியோடு சேர்ந்தே இருக்கும். மூடியைத் திறந்தால்தான் அளவு தெரியும். அளவு மாறக் கூடாது என்பதற்காக மூடியைத் திறக்கக் கூடாது. இதை நாகப்பன் எனக்குச் சொன்னபோது நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஜூலையில் ஏன்-ஏன் கூட்டம் நடந்தது. ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் எந்தப் பிரச்சினைக்கும் வேர் கிடைத்துவிடும் என்பது எங்கள் கம்பெனியின் மதம். நாகப்பனுக்குத் துணையாக என்னையும் உட்கார வைத்தார்கள். வசந்தகுமார் சாரே வெள்ளைப் பலகையில் எழுதினார். ஆயில் ஏன் தேவை? என்ஜின் ஓடுவதால். என்ஜின் ஏன் ஓடுகிறது? நாகப்பன் ஓட்டுவதால். நாகப்பன் விடியற்காலையில் ஏன் ஓட்டுகிறார்? மனைவியை மெயின் ரோட்டில் விடுவதற்கு. ஏன் விட வேண்டும்? அவர் வேலைக்குப் போவதால்.

"ஐந்தாவது ஏன். உங்க மிஸஸ் ஏன் வேலைக்குப் போறாங்க, நாகப்பன்?"

நாகப்பன் தொப்பியைச் சரிசெய்தான். "அவளுக்குப் புடிச்சிகீது சார்."

வசந்தகுமார் சார் 'தெளிவான காரணம் இல்லை' என்று எழுதினார். ஆறாவது ஏன் கேட்க முறையில் இடமில்லை. வேர் அங்கேயே கிடைத்துவிட்டதாகப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து மீன் முள் வரைபடம். ஒரு மீனின் எலும்புக்கூட்டை வரைந்து, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணத்தைத் தொங்கவிடுவார்கள். 'பாரம்' என்று ஒரு முள் காலியாக இருந்தது. ஷாரோன் தயங்கித் தயங்கி வந்து ஜோதியின் எடை எவ்வளவு என்று கேட்டது. நாகப்பன் சாயந்திரம் வீட்டில் கேட்டிருக்கிறான்.

"என் வெயிட்டு எதுக்காம் அவுங்களுக்கு?"

"சார்ட்ல போடணுமாம்."

"ஆயில் கேட்டா ஆயில் குட்றானா, பொண்டாட்டி வெயிட்டு கேக்கறானா? நாளிக்கி என் கால் அளவு கேப்பான். நீயும் வந்து கேப்ப."

நாகப்பன் ஐம்பத்தைந்து என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டான். சரிபார்க்கப்படாத தகவல் என்று அந்த முள்ளில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்கள். ஜோதியின் பெயர் ஆறு மாதம் எங்கள் கேன்டீன் சுவரில் சிவப்புப் புள்ளியோடு தொங்கியது.

ஆகஸ்டில் வண்டியின் சத்தம் மாறிவிட்டது. ஏற்றத்தில் கரகரவென்று ஒரு சத்தம். நிறுத்தினால் சூடு முழங்காலில் அடிக்கும். காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த மாதத்தில் ஜோதி இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டாள். கான்ட்ராக்டர் போன் பண்ணி, இன்னும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதி வந்ததும் ஜோதி நிம்மதியாகத் தூங்கினாள், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே என்று.

எங்கள் ஊர் முனையில் சுடலை ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடம் ஆகிறது, பேச்சு மட்டும் இன்னும் பஸ் ஏறவில்லை. வண்டி கடையைத் தாண்டும்போதே கை காட்டி நிறுத்திவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி இந்தக் கத்து கத்துது, ஒங்களுக்குக் கேக்கலியா? ஆயில் மாத்தி எத்தன நாளாச்சு?"

நாகப்பன் சொன்னான். சீலைக் காட்டினான். கோட்டைக் காட்டினான். சுடலை கையைத் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, அதைச் சாமி படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பழைய இஞ்சின். ஆயிலக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சுத் தீத்துக்கிட்டு இருக்கும். உள்ள ஒண்ணும் இல்லன்னா ஒருநாள் அப்படியே பிடிச்சுக்கிடும். சொல்லிட்டேன். அரை லிட்டராச்சும் ஊத்தணும், இன்னைக்கே."

"கம்பெனில கேட்டுட்டு வரண்ணே."

"ஒங்க வண்டிக்கு ஒங்க கம்பெனியக் கேக்கணுமா?"

நாகப்பன் கேட்டான். ஷாரோனுக்கு முகம் வாடிவிட்டது. "டீவியேஷன் போடுங்கண்ணா. நானே ஃபாரம் எடுத்துத் தர்றேன்," என்றது. விதியிலிருந்து விலக அனுமதி கேட்கும் படிவம் அது. ஆறு கையெழுத்து வேண்டும். ஐந்து கையெழுத்தை ஷாரோன் தானே அலைந்து வாங்கிவிட்டது. ஆறாவது வசந்தகுமார் சாருடையது. அவர் குழுவை அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டலுக்கு, ஆயில் பற்றிய மூன்று நாள் பயிலரங்குக்குப் போயிருந்தார். பிரச்சினை உரிமையாளருக்கு ஷிஃப்ட் இருந்ததால் அவனை அழைக்கவில்லை.

திரும்பி வந்த சார் படிவத்தை முழுக்கப் படித்தார். நாகப்பனின் தோளில் கை வைத்தார்.

"நாகப்பன், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நான் இப்போ கையெழுத்துப் போட்டா நீங்க அரை லிட்டர் ஊத்துவீங்க. வண்டி நல்லா ஓடும். நல்லா ஓடுற வண்டியை வெச்சுக்கிட்டு நான் எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது? பதினாலு பேர் ரெண்டு மாசமா உழைச்சிருக்காங்க. அவங்க குடும்பத்தையும் யோசிச்சுப் பாருங்க."

நாகப்பன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்ததாம், என்னிடம் சொன்னான். அப்படிப்பட்ட ஆள்.

நீங்கள் கேட்கலாம், யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிட வேண்டியதுதானே என்று. நானும் கேட்டேன். ஸ்டிக்கர் ஓரத்தைச் சுடுதண்ணியில் நனைத்துத் தூக்கலாமா என்றுகூட ஒரு சாயந்திரம் இரண்டு பேரும் பார்த்தோம். கையெழுத்தின் மை லேசாகக் கரைந்தது. நாகப்பன் சுடுதண்ணியைத் தள்ளி வைத்தான். வேண்டாம்டா மோகன், விட்டுடு என்றான். நானும் விட்டுவிட்டேன். அவன் வேலையை வைத்து நான் என்ன தைரியம் காட்டுவது?

செப்டம்பர் மாதம் முதல் பத்து நாளில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இரண்டு தடவை பஸ் போய்விட்டது. இருபத்து இரண்டாம் தேதி ஸ்டார்ட் ஆனது. ஏரிக்கரை தாண்டி, மெயின் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது, பின் சக்கரம் திடீரென்று பிடித்துக்கொண்டது. இழுத்துக்கொண்டே போய் நின்றது. நல்லவேளை, இருவருக்கும் அடி இல்லை. நாகப்பன் கிக்கரை மிதித்தான், அது இறங்கவே இல்லை, கல்மேல் மிதித்த மாதிரி இருந்தது. ஜோதி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அவள் ரோட்டைத் தொடும்போது பஸ்ஸின் பின் விளக்கு தெரிந்ததாம். கையை ஆட்டினாளாம். பத்து மணிக்குக் கான்ட்ராக்டரிடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது. அடையாள அட்டையை யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

அன்று நானும் நாகப்பனும் ஷேர் ஆட்டோவில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். கேட்டில் கோதண்டம் கண்ணாடியை நீட்டிக்கொண்டு, "வண்டி எங்கப்பா?" என்றார்.

"இஞ்சின் பூட்ச்சிண்ணே. வூட்டாண்ட கீது."

கோதண்டம் பதறிப்போய் மேலே போன் பண்ணினார். ஒரு மணி நேரத்தில் கம்பெனியின் குட்டியானை லாரி எங்கள் ஊருக்குப் போய் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. ஜோதியைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடக் கம்பெனியில் வண்டி கிடையாது, அதை யாரும் கேட்கவும் இல்லை. வண்டியைக் கொண்டுவர வண்டி உண்டு. பார்க்கிங்கில் ஒரு மேடை போட்டு, அதைச் சுற்றி மஞ்சள் கோடு வரைந்து, நடுவில் வண்டியை நிறுத்தினார்கள். தினமும் காலையில் கோதண்டம் அங்கேயே போய், கோடு சரி, சீல் சரி என்று எழுதினார். அதன் பிறகு அவருக்கு முதுகு வலி குறைந்தது.

நவம்பர் எங்களுக்குத் தர மாதம். பந்தல், பலூன், எல்லோருக்கும் லட்டு. இறுதிச் சுற்றுக்கு வந்த இருபத்தேழு யோசனைகளில் நாகப்பனுடையதற்குத்தான் முதல் பரிசு. ஜோதியையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அவள் வந்தாள். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

திரையில் இரண்டு போட்டோ. இடது பக்கம் பிஃபோர்: வண்டி, அதன் கீழே தரையில் ஒரு சொட்டு ஆயில். வலது பக்கம் ஆஃப்டர்: மேடையில் அதே வண்டி, தரை பளிச்சென்று இருந்தது.

"நண்பர்களே," என்றார் வசந்தகுமார் சார். "ஐந்து மாசம். பதினாலு பேர். நாப்பத்தி ரெண்டு மீட்டிங். நாம எங்க ஆரம்பிச்சோம்? எந்த ஆயில் அப்படீங்கிற ஒரு சின்னக் கேள்வியில. இன்னைக்கு எங்க நிக்கிறோம்? ஆயில் தேவை: பூஜ்யம். புகை: பூஜ்யம். சத்தம்: பூஜ்யம். விபத்து வாய்ப்பு: பூஜ்யம். பிரச்சினையைத் தீர்க்கிறவன் சாதாரண ஆளு. பிரச்சினை வர்ற இடத்தையே இல்லாமப் பண்றவன்தான் நம்ம ஆளு. இதுல எனக்கு ரொம்பச் சந்தோஷம் தர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. நாகப்பனோட மிஸஸ் இங்க வந்திருக்காங்க. தினமும் நாலு மணிக்கு எழுந்திரிச்ச ஒரு சகோதரி, இன்னைக்கு ஆறரை மணி வரைக்கும் தூங்குறாங்க. ஒரு நாளைக்கு நூத்தம்பது நிமிஷம் மிச்சம். ஐந்தாவது ஏன்-ல நமக்குத் தெளிவான காரணம் கிடைக்கலைன்னு சொன்னேன் இல்லையா? இப்போ அந்தக் கேள்வியே இல்லை."

கை தட்டினார்கள். ஜோதியும் இரண்டு தடவை தட்டினாள், பக்கத்தில் இருந்தவர்கள் தட்டுகிறார்களே என்று.

பரிசு ஒரு ஹெல்மெட். கூடவே ஒரு சுவரொட்டி வெளியிட்டார்கள். நீலத் தொப்பியோடு நாகப்பன் சிரிக்கிற படம். கீழே, 'சரியான வண்டிக்குச் சரியான ஆயிலைச் சரியான நேரத்தில் ஊற்றுவோம்.' எந்த ஆயில் என்று அதில் இல்லை.

விழா முடிந்ததும் வண்டியை எடுத்துப் போகலாம் என்றார்கள். ஷாரோன் ஒரு கடிதம் கொடுத்தது. கொடுக்கும்போது அது நாகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னேற்றம் நிலைத்திருக்கிறதா என்று ஆறு மாதம் கண்காணிப்பார்களாம். மே மாதம்வரை சீலும் கோடும் அப்படியே இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போட்டோ எடுப்பார்கள்.

அந்த வாரம் ஜோதிக்குக் கான்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தது. ஆள் பற்றவில்லை, ஒன்றாம் தேதியிலிருந்து வருகிறாயா, ஆனால் பஸ்ஸை மட்டும் விடக் கூடாது என்றார். அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நாகப்பனிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு சுடலை கடைக்குப் போனோம். நாகப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தான், நானும் ஜோதியும் பின்னால்.

"மூடிய மட்டும் தொடாம இஞ்சின சரி பண்ண முடியுமாண்ணே?" என்றான் நாகப்பன்.

"ஒண்ணையும் தொடாம சரியாகணும்னா கோயிலுக்குத்தான் கொண்டுபோகணும்," என்றார் சுடலை. "பிஸ்டன் போயிருக்கும். ஹெட்டக் கழத்தணும், ஆயில வடிக்கணும். அஞ்சு நாள் வேல. பொறுங்க, முதல்ல உள்ள ஏதாச்சும் இருக்கான்னு பாப்போம்."

நாகப்பன் வேண்டாம் என்று சொல்வதற்குள், சுடலை நகத்தைக் கொடுத்துச் சீலை ஒரே இழுப்பில் உரித்துவிட்டார். ஐந்து மாதச் சூட்டில் இறுகிப்போன பசை, மூடிமேல் அப்பியிருந்த சேற்றையும் கரியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அடியில் மூடி புதுசு போல இருந்தது.

முதலில் குனிந்தவள் ஜோதிதான். பழக்கம் அப்படி. கண்ணைச் சுருக்கி, விரலால் தடவினாள்.

"எழுத்து கீது," என்றாள்.

நாங்களும் குனிந்தோம். மூடியிலேயே, வார்ப்பிலேயே, வட்டமாக எழுதியிருந்தது. ஜோதி ஒவ்வொன்றாகப் படித்தாள். என்ஜின் ஆயில். பத்து டபிள்யூ முப்பது.

"அதான் ஆயிலு," என்றார் சுடலை. "வண்டி செஞ்சவனே எழுதி வச்சிருக்கான். இந்தக் கரிய ஒரு துணியால தொடச்சிருந்தா போதும்."

ஐந்து மாதத்துக்கு முன்னால் என்னிடம் துணி இருந்தது. நாகப்பனிடம் இருந்தது. ஷாரோனிடம் நல்ல வெள்ளைத் துணியே இருந்தது. சுடலை உள்ளே போய் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு வந்தார். "என்ன, பிரிக்கவா? ஒண்ணாம் தேதிக்குள்ள குடுத்துருதேன்," என்றார்.

நாகப்பன் ஜோதியைப் பார்த்தான். ஜோதி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரித்தால் அவளுக்கு வேலை கிடைக்கும், அவன் வேலை போகும். அவள் வேலை என்பதும் பஸ்ஸை மூன்று தடவை விடாதவரைக்கும்தான். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நான் கடைசியாகச் சொன்ன யோசனை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"குடுண்ணே," என்று சுடலையிடம் கை நீட்டினான் நாகப்பன்.

ஸ்பேனரைக் கேட்கிறானோ என்று நினைத்தேன். சுடலை விரலில் ஒட்டிக்கொண்டிருந்த சீலைக் கேட்டான். வாங்கி, பின் பக்கத்துக் கரியைச் சட்டை நுனியால் துடைத்தான். வாயால் ஊதினான். மூடிமேல் வைத்து, கையெழுத்து நேராக வருகிறதா என்று பார்த்து, கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். எழுத்து மறைந்துவிட்டது.

ஜோதி குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இந்தாண்ட ஓரம் தூக்கினு கீது," என்றாள். "நல்லா அழுத்து."